இரவல் மறதி

பால் கருகிய வாசனை சமையலறையை விட்டுப் போய்விட்டது. அதைப் பற்றிய பேச்சுதான் போகவில்லை.

கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே வீடு. போன வாரம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு யாரோ கீழே இறங்கிவிட, புகை ஜன்னல் வழியாக வெளியேறி, எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து கதவைத் தட்டும்படி ஆயிற்று. "நான்தான் வெச்சேன், மறந்துட்டேன். எல்லாம் மருந்து பண்ற வேலை" என்றாள் வீட்டுக்காரி. எல்லோரும் நம்பினார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள்? போன வருடம் மார்பில் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சை முடிந்து, மாதக்கணக்கில் மருந்து ஏறி, இப்போது தினம் ஒரு மாத்திரையில் காலம் தள்ளுகிறவள். அந்த மருந்தெல்லாம் மூளையை மந்தமாக்கிவிடும் என்று பார்க்க வந்த எல்லோருமே சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

பாலை வைத்தது அவள் இல்லை. அவள் கணவர், கடையை நடத்தும் கண்ணாடிக்காரர்.

ஒரு வாடிக்கையாளரின் வலது கண் லென்ஸ் இடது பக்கம் மாறிப்போனதும் அவர் கைக்காரியம்தான். தெருமுனை மருந்துக் கடைக்குப் போனவர் வீடு திரும்ப ஒரு மதியம் முழுக்க ஆனதும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் அவள் முந்திக்கொண்டாள். "கவரை நான்தான் மாத்திக் கொடுத்துட்டேன்." "எந்தக் கடைன்னு நான்தான் தப்பாச் சொல்லி அலைய விட்டேன்." இரவல் வாங்கிய புடவை போல அந்த மறதியை உடுத்திக்கொண்டு அவள் வளைய வந்துகொண்டிருந்தாள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கணவர் அவளை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார். கடை திறந்த புதிதில் கண் காட்ட வந்தவள் அவள். "மேடம், இந்த எழுத்து தெரியுதா?" என்று கேட்ட வாய், கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பிறந்து, அவர்கள் வளர்ந்து தனித்தனியே போன பிறகும் மாறவில்லை. இப்போது தெருவே அவளுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறது.

இன்று மேடத்துக்கு நினைவுப் பரிசோதனை. ஏற்பாடு செய்தது மகள்.

குளித்துவிட்டு வந்தபோது கீழே ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது. மேடம் ஈரத் தலையோடு படியிறங்கி ஓடினாள்.

கண்ணாடிக்காரர் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, எழுத்துப் பலகையின் விளக்கைப் போட்டுவிட்டு, பரிசோதனை நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, இன்னிக்கு வார லீவு."

அவர் முகத்தில் ஒரு கணம் எதுவும் இல்லை. பிறகு சிரித்தார்.

"எனக்குத் தெரியாதா மேடம்? தூசி தட்டலாம்னு வந்தேன்."

"கோட்டு போட்டுக்கிட்டா?"

"தூசியாவது நம்மள டாக்டர்னு நினைக்கட்டுமே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் அவரிடம் கஷ்டம். மறதியைக்கூடப் பிடிகொடுக்காமல் பேச்சில் கரைத்துவிடுவார். விளக்கை அணைக்க அவள் கை நீட்டுவதற்குள் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

மகள் நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். காலை வகுப்பை முடித்துவிட்டு, கண்ணைச் சுற்றி நீச்சல் கண்ணாடியின் தடம்கூட மறையாமல் வந்திருந்தாள். அவளுக்கு அப்பா வைத்த பெயர் தவளை. முப்பத்தாறு வயதாகியும் அதற்கு விடுதலை இல்லை.

"கடை ஏன் திறந்திருக்கு?"

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். மேடம் முந்திக்கொண்டாள்.

"நான்தான்டி. என்ன கிழமைன்னே ஞாபகம் இல்லாம திறந்துட்டேன். அப்பா வந்து சொன்னார்."

தவளை அம்மாவைப் பார்த்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. அந்தப் பார்வையில் இருந்தது பரிதாபம். மேடம் தலையைக் குனிந்துகொண்டு ஷட்டரை இறக்கினாள்.

கண்ணாடிக்காரர் கோட்டைக் கழற்றி, மடித்து, மேஜையில் வைத்தார்.

*

டாக்சியில் மகள் முன்னால் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்க்காமலே பேச ஆரம்பித்தாள். கஷ்டமான விஷயத்தை முகம் பார்த்துச் சொல்ல அவளுக்கு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி.

"அம்மா, கேன்சர் டாக்டர் என்ன சொன்னார்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"இந்த டெஸ்ட்ல மறதி உறுதியாச்சுன்னா மாத்திரையை நிறுத்தலாமான்னு யோசிப்பாராம்."

"நிறுத்தட்டும். விழுங்கி விழுங்கித் தொண்டையே கசந்து போச்சு."

"விளையாடாதம்மா. அது நோய் திரும்பி வராம இருக்கறதுக்குக் குடுக்கற மாத்திரை." தவளை கொஞ்சம் நிறுத்தினாள். "இன்னொண்ணு. கொஞ்ச நாள் நீ எங்க வீட்டுல வந்து இரு. உங்க மாப்பிள்ளை முன் ரூமை ஒழிச்சு வெச்சுட்டார்."

மேடம் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள்.

"அப்பா?"

"அப்பாவுக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கார். கடையைப் பார்த்துப்பார். கடை லீவன்னிக்கு எங்க வீட்டுக்குச் சாப்பிட வந்துடுவார். தம்பிதான் இந்த யோசனையைச் சொன்னான். ரெண்டு வாரமா போன் பண்ணி உயிரை எடுக்கறான், அம்மாவைக் கூட்டிட்டுப் போ, கூட்டிட்டுப் போன்னு."

வெளியூர் ஓட்டல் ஒன்றில் சமையல் செய்யும் மகனை வீட்டில் செஃப் என்றுதான் சொல்வார்கள். எதிலும் தலையிடாதவன். சின்ன வயதில் சட்டைக்கு நிறம் கேட்டால்கூட "ஏதோ ஒண்ணு" என்பான். அவனா அம்மாவை வீட்டிலிருந்து கிளப்பச் சொல்கிறான்? மேடத்துக்கு அது மாத்திரையைவிடக் கசந்தது.

பக்கத்தில் கண்ணாடிக்காரர் ஜன்னலுக்கு வெளியே கடைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். காதில் விழுந்ததா இல்லையா தெரியவில்லை.

மேடம் மனத்துக்குள் கணக்குப் போட்டாள். இன்று சோதனையில் தேறிவிட்டால் எல்லோரும் ஒரு கேள்வி கேட்பார்கள்: அப்படியானால் பாலை வைத்தது யார்? லென்ஸை மாற்றியது யார்? சாயங்காலத்துக்குள் அத்தனை கண்களும் அவர் பக்கம் திரும்பும். நாளைக்கே கடைக்குப் பூட்டு. தேறாவிட்டால் மாத்திரை போகும். மகள் வீட்டுக்குப் போகச் சொல்வார்கள். போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டால் யார் தூக்கிக்கொண்டு போக முடியும்? மாத்திரை விஷயம்... அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தேறக் கூடாது என்று முடிவு செய்தாள்.

*

நினைவு டாக்டர், போன வருடம் மேடத்துக்குச் சிகிச்சை நடந்த அதே ஆஸ்பத்திரியில் இருக்கும் நடுவயதுப் பெண்மணி. மேஜையில் ஒரு பூச்செடி, பாதி தின்ற பிஸ்கட். பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை.

"வீட்டுல இருக்கறவங்க வெளியில காத்திருக்கட்டும். நாம ரெண்டு பேரும் பேசுவோம்."

கதவு சாத்தப்பட்டது.

முதலில் சில சொற்களைச் சொன்னார். ரயில், எலுமிச்சை, சாவி, மேகம், ஊஞ்சல். கொஞ்ச நேரம் வேறு ஏதேதோ பேசிவிட்டு, அந்தச் சொற்களைத் திருப்பிக் கேட்டார்.

"ரயில்..." மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "அப்புறம் ஏதோ காய். வேற தெரியலம்மா."

"பரவாயில்ல. ஒரு கடிகாரம் வரைஞ்சு காட்டுங்க."

இதில் மேடத்துக்குச் சிரமமே இல்லை. மறதி எப்படி இருக்கும் என்று பாடம் எடுக்க வீட்டிலேயே ஆள் இருந்தார். சில வாரங்களுக்கு முன் கடைச் சுவரில் இருந்த கடிகாரம் நின்றுபோனபோது, புதிதாக வாங்க வேண்டிய அளவைக் காட்ட அவர் ஒரு காகிதத்தில் கடிகாரம் வரைந்தார். எண்கள் எல்லாம் வலது பக்கமாக ஒன்றன் மேல் ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. இடது பக்கம் காலியாக இருந்தது. அதைப் பார்த்த அன்றுதான் அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இப்போது அதே மாதிரி வரைந்தாள்.

டாக்டர் அந்தப் படத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

கடைசியாகப் படங்கள். ஒவ்வொரு அட்டையாகக் காட்டினார்: வாளி, கிளி, செருப்பு, ஏணி என்று ஒரு கட்டு. பிறகு இரண்டிரண்டு படங்களாக வைத்தார். ஒன்று முன்பே பார்த்தது, மற்றது புதிது. பார்த்ததைத் தொட வேண்டும். அவ்வளவுதான்.

இதற்கு அவள் வீட்டில் பாடம் பார்த்ததில்லை. கிளியும் ஆந்தையும் வந்தன. ஆந்தையைத் தொட்டாள். வாளியும் கூடையும் வந்தன. கூடையைத் தொட்டாள். கட்டு முடியும்வரை அப்படியே தொட்டுக்கொண்டு போனாள்.

டாக்டர் பேனாவை மூடினார்.

"இது ரொம்ப சுலபமான சோதனைம்மா. நல்லா மறதி வந்தவங்ககூட இதுல நிறைய சரியாப் பண்ணிடுவாங்க. ஒண்ணுமே ஞாபகம் இல்லாதவங்க கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டாலும் பாதியாவது சரியா வரும். நீங்க ஒண்ணுகூடச் சரியாத் தொடல."

"அவ்வளவு மோசமா இருக்கா?"

"அவ்வளவு நல்லா இருக்கு. ஒண்ணு விடாம தப்பாத் தொடணும்னா, எது சரின்னு ஒண்ணு விடாம தெரிஞ்சிருக்கணும்."

மேடத்தின் காது சூடாயிற்று. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதி மாட்டிக்கொண்ட பிள்ளை போல உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் கடிகாரப் படத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"இது மட்டும் நடிப்பு மாதிரி இல்ல. நிஜமா ஒருத்தர் இப்படி வரைஞ்சு நீங்க பார்த்திருக்கணும். யாரும்மா அது?"

அதற்கு மேல் முடியவில்லை. மேடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பால், லென்ஸ், மருந்துக் கடை, காலையில் வெள்ளைக் கோட்டு வரை.

டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "மாத்திரையை நிறுத்தினா என்ன ஆகும்னு தெரியுமா?" என்றார்.

"திரும்பி வரலாம்."

"தெரிஞ்சுமா?"

"டாக்டர், எனக்கு ஏற்கெனவே நோயாளின்னு பேரு. இன்னொரு பேர் சேர்ந்தா என்ன குறைஞ்சு போகும்? அவருக்கு அப்படி இல்ல. தெருவுல பாதிப் பேர் மூஞ்சியில இருக்கறது அவர் மாட்டிவிட்ட கண்ணாடி. 'இவருக்கு ஞாபகம் போயிடுச்சாம்'னு ஒருத்தர் சொன்னா போதும், மறுநாள் படியேற ஆள் இருக்காது. எனக்கு வியாதி வந்தப்போ அவர் ஒரு நாள்கூட மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கல. நான் வாந்தி எடுத்தா வாளியைப் பிடிச்சுக்கிட்டு கடைக்கு வந்தவங்க கதையெல்லாம் சொல்லுவார். அதை நான் எப்படித் திருப்பிக் குடுப்பேன்?"

டாக்டர் செடியைத் தள்ளி வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார்.

"ஒண்ணு சொல்றேன் கேளுங்க. கேன்சர் மருந்தால சிலருக்கு மந்தம் வர்றது உண்மைதான். ஆனா வயசானவங்களை வருஷக்கணக்கா கவனிச்சுப் பார்த்த ஆய்வுகள்ல விநோதமான ஒண்ணு தெரியுது. கேன்சர் வந்தவங்களுக்கு மத்தவங்களைவிட ஞாபகம் குறையற வேகம் சராசரியா கொஞ்சம் கம்மியா இருக்கு. நோய் வர்றதுக்கு முன்னாடிகூட அப்படித்தான் இருந்திருக்கு."

"ஏன் அப்படி?"

"உறுதியா யாருக்கும் தெரியாது. ஒண்ணுக்கு வழி விடற உடம்பு இன்னொண்ணைத் தள்ளி நிறுத்துதோ என்னவோ. தேடிக்கிட்டுதான் இருக்காங்க. எல்லாருக்கும் இது பொருந்தும்னும் சொல்ல முடியாது."

மேடம் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ எங்க வீட்டுல பாகப் பிரிவினை நடந்திருக்கு. எனக்கு அது, அவருக்கு இது."

டாக்டர் சிரித்தார். உடனே முகம் மாறியது. "உங்க மாத்திரை தொடரும்னு எழுதப் போறேன். உங்க கணவர் எனக்கு இன்னும் நோயாளி இல்ல. அவரைப் பத்தி நான் வெளியில பேச மாட்டேன். அதை நீங்கதான் வீட்டுல சொல்லணும். மறதிக்கு எத்தனையோ காரணம் இருக்கு, சிலதைச் சரி பண்ணவும் முடியும். நீங்க மூடி மூடி வெச்சா நான் எப்படிப் பார்க்கறது?"

அந்தக் கடைசி வாக்கியம் மேடத்தின் நெஞ்சில் நேராகப் போய் உட்கார்ந்தது. காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு இத்தனை மாதம் அவருக்கு வைத்தியத்தை அல்லவா மறித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்?

*

வெளியே தவளை தனியாக உட்கார்ந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா சொன்னாங்க?"

"அப்பா எங்க?"

"காபி வாங்கிட்டு வரேன்னு போனார். இதோ வந்துடுவார். சொல்லு, என்ன சொன்னாங்க?"

"எப்போ போனார்?"

"நீ உள்ள போனதுமே. ஏம்மா, கீழ கூட்டமா இருக்கும். அப்பாதானே..."

மேடம் அதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். கைப்பை நாற்காலியிலேயே கிடந்தது. தவளை அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

"அம்மா! நீ எங்க போறே? உனக்கு வழி தெரியாது, நில்லு!"

மேடம் நின்றாள். திரும்பினாள்.

"எனக்கு எல்லாம் தெரியும்டி. உங்கப்பாவுக்குத்தான் வழி தெரியாது."

"என்ன சொல்றே?"

"பாலை வெச்சது அவர். லென்ஸை மாத்தினது அவர். இன்னிக்குக் கடையைத் திறந்ததும் அவர்தான். எனக்கு ஒரு மறதியும் இல்ல. இப்போ தேடு, அப்புறம் என்னைத் திட்டு."

தண்ணீரில் ஒரு தலை காணாமல் போனால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று தவளைக்குத் தெரியும். யோசிக்கக் கூடாது, தேட வேண்டும். காபிக் கடைக்கு ஓடினாள். அங்கே இல்லை. வாசல் காவலாளி அப்படி யாரும் வெளியே போகவில்லை என்றார். மருந்து வாங்கும் வரிசையிலும் இல்லை. வண்டிகள் நிற்கும் இடத்தைச் சுற்றிவிட்டு அவள் திரும்பியபோது மேடம் மாடிப்படியின் அடியில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வா" என்றாள் மேடம். "எங்க இருப்பார்னு தோணுது."

இரண்டாம் மாடியில், மருந்து ஏற்றும் அறைக்கு வெளியே ஒரு நீளப் பெஞ்சு உண்டு. போன வருடம் அவளுக்கு ஊசி மருந்து ஏறிய ஒவ்வொரு முறையும் அவர் காத்திருந்த இடம் அது. ஓரமாக, சுவரில் சாய்ந்து, இரண்டு காபிக் கோப்பைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்காரர் உட்கார்ந்திருந்தார்.

தவளை முதலில் போய்ச் சேர்ந்தாள். "அப்பா! இங்க என்ன பண்றீங்க?"

அவர் உதட்டில் விரல் வைத்தார்.

"சத்தம் போடாதே தவளை. உள்ள அம்மாவுக்கு மருந்து ஏறிட்டிருக்கு. இன்னிக்கு லேட்டாகுது. கேட்டா நர்ஸ் சரியா பதில் சொல்ல மாட்டேங்கறாங்க."

தவளை திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

மேடம் அவர் எதிரே வந்து நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தையும் சாத்தியிருந்த கதவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் கண்கள் அவள் தலையில் போய் நின்றன.

"முடி வளர்ந்துடுச்சே மேடம்."

"ஆமாங்க. கழுத்துவரைக்கும் வந்தாச்சு."

"எப்போ..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். ஒரு முடி எவ்வளவு காலத்தில் எவ்வளவு வளரும் என்று அவருக்குத் தெரியும். மொட்டைத் தலையோடு அவள் உள்ளே போனது எப்போது, இன்றைக்கு என்ன என்று அவர் உள்ளுக்குள் எதையோ பிடித்துப் பிடித்து மேலே ஏறி வருவது முகத்தில் தெரிந்தது. வந்து சேர்ந்ததும் தோள்கள் தொங்கிவிட்டன.

"நான் எங்கயோ போயிட்டு வந்திருக்கேன், இல்ல?"

"கொஞ்சம் தூரம்தான்" என்று மேடம் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தாள். அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"தவளைக்குத் தெரியுமா?"

"இப்போதான் சொன்னேன்."

"காலையில, கடை விஷயத்துல, எனக்குப் புரிஞ்சுதான் இருந்தது மேடம். நான்தான்னு சொல்ல வாயைத் திறந்தேன். நீ முந்திக்கிட்டே. சரின்னு விட்டுட்டேன்." அவர் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். "சௌகரியமா இருந்தது. அதுதான் அசிங்கம்."

தவளை அப்பாவின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தாள். திட்டுவதற்கு ஆயிரம் வைத்திருந்தாள். "மாத்திரையை நிறுத்தறேன்னு டாக்டர் சொல்லியிருந்தா என்னம்மா பண்ணியிருப்பே?" என்று மட்டும் கேட்டாள்.

கண்ணாடிக்காரர் திடுக்கிட்டார்.

"எந்த மாத்திரை? எதுக்கு நிறுத்தணும்?"

தவளை சொன்னாள். அவர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்ததும் எழுந்து நின்றார்.

"அந்த டாக்டர் இன்னும் இருப்பாங்களா?"

"எதுக்குங்க?"

"என்னைப் பார்க்கச் சொல்லு. இப்பவே. நாளைக்குன்னு வெச்சா நான் மறந்துடுவேன். இல்லேன்னா மறந்த மாதிரி நடிப்பேன். ரெண்டுல எதுவா இருந்தாலும் உனக்குத்தான் கஷ்டம்."

*

கடைசி ஆளாகப் பார்க்கிறேன், காத்திருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. ஒருவருக்கும் பசி தெரியவில்லை.

தவளையின் போன் அடித்தது. செஃப்.

"அக்கா, அம்மாவுக்கு என்ன சொன்னாங்க?" பின்னால் பாத்திரங்கள் மோதும் சத்தம், யாரோ கத்தும் சத்தம்.

தவளை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் அப்பாவைப் பார்த்தாள். அவர் கை நீட்டினார்.

"குடு. நானே சொல்றேன். எல்லாரும் கேட்கட்டும், சத்தமா வை."

போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"டேய், உங்கம்மாவுக்கு ஒண்ணும் இல்லடா. ஞாபகமெல்லாம் கத்தி மாதிரி இருக்கு. மறதி எனக்குத்தான். இத்தனை நாளா அவதான் தன் தலையில போட்டுக்கிட்டு என்னைக் காப்பாத்தியிருக்கா. இதோ, டாக்டரைப் பார்க்க உட்கார்ந்திருக்கேன்."

சொல்லிவிட்டார். மேடத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. வாழ்நாளில் அவர் பேசியதிலேயே கஷ்டமான பேச்சு இதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள்.

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் தூரமாயிற்று. மகன் சமையலறையை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும்.

"தெரியும்ப்பா" என்றான்.

"தெரியுமா? யார் சொன்னா?"

"நீங்கதான்."

கண்ணாடிக்காரர் போனை முகத்துக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார்.

"அம்மா மாடியில படுத்ததும் கடையிலேர்ந்து போன் பண்ணுவீங்க. 'டேய், எனக்கு ஞாபகம் போகுதுடா, அம்மாகிட்ட சொல்லாதே'ன்னு சொல்லுவீங்க. ஒவ்வொரு தடவையும் முதல் தடவை சொல்ற மாதிரியே அழுவீங்க. நான் என்னப்பா பண்றது?" அவன் மூச்சு வாங்கினான். "அம்மாவை அக்கா வீட்டுக்கு அனுப்பிடுன்னு சொன்னதும் நீங்கதான். 'நோயிலேர்ந்து இப்போதான் மீண்டு வந்திருக்கா, என்னை வேற சுமக்க வேண்டாம். நான் அவளையே மறக்கறதுக்கு முன்னாடி அவளை இங்கேர்ந்து கிளப்பிடு, சத்தியம் பண்ணு'ன்னு கேட்டீங்க. பண்ணிக் குடுத்தேன். அதான் அக்காவை நச்சரிச்சேன்."

போன் கண்ணாடிக்காரர் கையிலேயே இருந்தது. தவளை மெல்ல அதை வாங்கிக்கொண்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனாள்.

மேடம் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அவருக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்த அதே நாட்களில், கீழே கடையில் அவர் அவளுக்காக இருட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

"என்னை அனுப்பிடப் பார்த்தீங்களா?"

டாக்டரின் அறைக் கதவு திறந்தது. "உள்ள வாங்க சார்" என்று உதவியாளர் கூப்பிட்டார்.

கண்ணாடிக்காரர் எழுந்தார். சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். ஒரு அடி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"எனக்கு ஞாபகம் இல்ல மேடம்" என்றார்.

அவர் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு இருந்தது. சொன்னது நிஜமா, நடிப்பா? அவருடைய மறதி ஒவ்வொன்றையும் அறிந்தவள் என்று நினைத்திருந்த மேடத்துக்கு அது மட்டும் தெரியவில்லை. கேட்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது.